கை நிற்கவில்லை, முனை எகிறுகிறது: பிஸ்டல் சுடுபவர்களுக்குப் பிழை பார்க்கும் முறை

வடசென்னையில் பிஸ்டல் பழக வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் வேறு ஒரு விளையாட்டில் ஊறிவிட்டு வருகிறார்கள். வியாசர்பாடிப் பையன் ஃபுட்பாலிலிருந்தோ பாக்ஸிங்கிலிருந்தோ வருவான். தண்டையார்பேட்டையிலிருந்து வரும் பெண் கேரம் ஆடியிருப்பாள். அந்தப் பழக்கமெல்லாம் தோளிலும் விரலிலும் ஒட்டிக்கொண்டு வரும். அதனால் எங்கள் ரேஞ்சில் திருத்துகிற பிழைகள் வருஷா வருஷம் ஒரே ரகம்தான். "மாஸ்டர், கை நிக்கவே மாட்டேங்குது" என்று ஆரம்பிப்பார்கள். உண்மையில் கையில் கோளாறு இருப்பது அபூர்வம். கால் வைத்த இடம், பிடித்த பிடி, தளர்ந்துபோன ஒரு ஸ்க்ரூ என்று இந்த மூன்றில் ஏதோ ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலிலும், செலவு வைக்கிற காரணத்தைக் கடைசியிலும் எழுதியிருக்கிறேன். வரிசையைத் தாண்ட வேண்டாம். புது கிரிப் (கைப்பிடி) வாங்கிய பிறகு கால்தான் தப்பு என்று தெரிந்தால் வயிறு எரியும்.

இங்கே இருப்பதெல்லாம் வலதுகைக்காரர்களுக்கு. இடதுகைக்காரர்கள் இடம் வலத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். பெரும்பகுதி, அழுத்தக் காற்றால் பெல்லட் என்கிற சிறு குண்டைத் தள்ளும் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பற்றியது. ரீகாயில் (சுட்டதும் துப்பாக்கி திருப்பிக் கொடுக்கும் அடி) என்று வரும் இடத்தில், தோட்டா போட்டுச் சுடும் 25 மீட்டர் பாயிண்ட் டூ டூ (.22) பிஸ்டலும் சேர்ந்துகொள்ளும்.

## எந்த அறிகுறிக்கும் முன்னால்: துப்பாக்கியா, ஆளா?

துப்பாக்கி காலிதான் என்று கண்ணால் பார்த்து, பாதுகாப்புக் கொடியைச் செருகிவிட்டு ஸ்க்ரூக்களைத் தொட்டுப் பாருங்கள். கிரிப்பைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ, ரியர் சைட் (குறி பார்க்கும் பின்பக்க வெட்டு) ஸ்க்ரூ, பாம் ஷெல்ஃப் (உள்ளங்கையைக் கீழிருந்து தாங்கும் தட்டு) ஸ்க்ரூ. ஆலன் கீ வைத்தால் கால் சுற்று இறங்குகிறது என்றால், போன வாரம் சுட்ட அட்டைகளை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். அடுத்து காற்று. சிலிண்டர் முள், தயாரிப்பாளர் குறித்த அளவுக்குக் கீழே போயிருந்தால் பெல்லட்டின் வேகம் குறைந்து குரூப் (அட்டையில் ஓட்டைகள் சேர்ந்து விழும் கூட்டம்) தாழும். அப்புறம் பெல்லட் டப்பா. நேற்று ஒரு டப்பா, இன்று வேறு டப்பா என்றால் அதையும் குறித்து வையுங்கள்.

பிறகு மணல் பை சோதனை. மேசைமேல் பை, பைமேல் முன்கை. பிஸ்டல் பையில் படக்கூடாது. நிதானமாக ஐந்து சுடுங்கள். ஏர் பிஸ்டல் அட்டையில் பத்து வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ., பெல்லட் 4.5 மி.மீ. ஐந்தும் பத்தைச் சுற்றிக் கந்தலான ஒரே ஓட்டையாக விழுந்தால் துப்பாக்கி நல்ல துப்பாக்கி. பிழை உங்களிடம் இருக்கிறது, கீழே படியுங்கள்.

பையில் வைத்தும் சிதறினால் அனுபவமுள்ள இன்னொருவர் அதே துப்பாக்கியில் ஐந்து சுடட்டும். அவருக்குச் சேர்ந்து விழுந்தால் மறுபடியும் நீங்கள்தான். அவருக்கும் சிதறினால் வேறு பெல்லட் போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் துப்பாக்கி பழுது பார்க்கும் ஆர்மரரிடம் கொடுத்துவிடுங்கள். யூடியூப் பார்த்து ட்ரிகர் பெட்டியைத் திறக்க வேண்டாம். ஏர் பிஸ்டல் ட்ரிகர் எடை 500 கிராமுக்குக் குறையக்கூடாது. போட்டி அன்று எடை தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். வீட்டில் திருகியது அங்கே நிற்காது.

## குரூப் இறுக்கம், ஆனால் ஒரு பக்கமாக விழுகிறது

இருக்கிற தொல்லைகளில் நல்ல தொல்லை இது. உங்களால் ஒரே மாதிரி சுட முடிகிறது என்று அர்த்தம். ஆனால் இங்கேதான் எல்லோரும் அவசரப்பட்டு ரியர் சைட்டின் திருகைத் திருப்பிக் கிளிக் போடுகிறார்கள்.

முதலில் கால். பிஸ்டலைத் தூக்கிக் குறி வையுங்கள். கண்ணை மூடி இரண்டு மூச்சு விடுங்கள். கையை லேசாக மேலும் கீழும் அசைத்துத் தானாக நிலைக்க விடுங்கள். இப்போது கண்ணைத் திறந்தால் முனை எங்கே இருக்கிறதோ அதுதான் உங்கள் உடம்பு கேட்கிற இடம். அட்டைக்கு இடப்பக்கம் போயிருந்தால் பின்காலை விரல் நோக்கி முன்னே நகர்த்துங்கள். வலப்பக்கம் போயிருந்தால் குதிகால் நோக்கிப் பின்னே. எந்தக் காரணம் கொண்டும் கையை மட்டும் இழுத்து அட்டைக்குக் கொண்டுவர வேண்டாம். ட்ரிகர் விழுகிற நொடியில் அந்தத் தசை விட்டுக்கொடுக்கும், பெல்லட் பழைய பக்கமே போகும்.

எவ்வளவு நகர்த்துவது? பாதங்களுக்கு நடுவே 45 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி பின்கால் 1 செ.மீ. நகர்ந்தால் 10 மீட்டரில் முனை சுமார் 22 செ.மீ. திரும்பும். ஆகவே ஒரு அடி எடுத்து வைக்கிற வேலை இல்லை. பாதத்தைக் கொஞ்சம் தேய்த்தால் போதும். சரியான இடம் கிடைத்ததும் பயிற்சியில் சாக்பீஸால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டுவிடுங்கள். ஒவ்வொரு தடவை தண்ணீர் குடித்துவிட்டு வந்து நிற்கும்போதும் கோட்டுக்குள் நிற்கிறீர்களா என்று பாருங்கள். பல பேருக்கு "இன்னைக்கு என்னமோ இடது பக்கமே போகுது" என்பதன் ரகசியம் அந்தத் தண்ணீர் இடைவேளைதான்.

அடுத்தது விரல். குரூப் கீழ் இடதில், கடிகாரத்தில் ஏழு எட்டு மணி வாக்கில் விழுகிறதா? ட்ரிகரை அழுத்தாமல் தட்டுகிறீர்கள். கேரம் ஆடினவர்களிடம் இது அதிகம். ஸ்ட்ரைக்கரை விடுகிற விரல் சுண்டிப் பழகியது. இங்கே சுண்டினால் மொத்தக் கையும் கூடவே மூடிக்கொள்ளும். சோதனை எளிது: ட்ரை ஃபயர் (குண்டு போடாமல் காலியாகச் சுடுவது) செய்யும்போது முனையில் இருக்கும் ஃப்ரண்ட் சைட்டை மட்டும் பாருங்கள். 'டிக்' சத்தத்தின்போது அது அசைந்தால் விரல்தான். ட்ரிகர் லேசாக வரும் முதல் அழுத்தத்தை எடுத்து நிறுத்தி, மீதியை நீண்ட ஒரே அழுத்தமாகப் பின்னோக்கி. வெற்றுச் சுவரைப் பார்த்து இதைச் செய்யுங்கள். அட்டை வேண்டாம், அட்டை இருந்தால் பத்து ஆசை வரும்.

நேராக இடதில் விழுந்தால் விரல் குறைவாக வைத்திருக்கலாம். நேராக வலதில் விழுந்தால் விரல் அதிகமாக உள்ளே போயிருக்கலாம், அல்லது கட்டைவிரல் அழுத்துகிறது. மேலே விழுந்தால், சுடும் நொடியில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளுகிறீர்களா என்று பாருங்கள். ரேஞ்ச் சுவர்களில் ஒட்டியிருக்கும் கடிகாரப் படம் இதைத்தான் சொல்கிறது. ஆனால் அந்தப் படம் இறுக்கமான குரூப்புக்கு மட்டும்தான் பேசும். அட்டை முழுக்கச் சிதறுகிறவர் அதைப் பார்த்தால் எல்லா வியாதியும் தனக்கு இருப்பதாகத் தெரியும்.

அதற்கப்புறம் வெளிச்சம். காலையில் மொட்டைமாடி வெளிச்சம், மாலையில் ட்யூப்லைட். கறுப்பு வட்டத்துக்கும் ஃப்ரண்ட் சைட்டுக்கும் நடுவே தெரிகிற வெள்ளைக் கோடு மாறும், குரூப் மேலோ கீழோ நகரும். இது உங்கள் பிழை இல்லை.

கடைசியில்தான் கிளிக். காலும் விரலும் சரி, மூன்று சீரிஸ் (ஒரு தொகுதி ஷாட்கள்) தொடர்ந்து ஒரே இடம் என்றால் கிளிக் போடுங்கள். பெல்லட் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, ரியர் சைட் அந்தப் பக்கம் நகர வேண்டும்.

## குரூப் மேலும் கீழுமாக நீள்கிறது

முதல் சந்தேகம் மணிக்கட்டு. ஃப்ரண்ட் சைட்டுக்கும் ரியர் சைட்டுக்கும் நடுவே சுமார் 32 செ.மீ. இருக்கும் ஒரு பிஸ்டலில், கை மொத்தமாக 1 மி.மீ. தாழ்ந்தால் பெல்லட்டும் 1 மி.மீ.தான் தாழும். மணிக்கட்டு மடிந்து ஃப்ரண்ட் சைட் மட்டும் 1 மி.மீ. தாழ்ந்தால் அட்டையில் 31 மி.மீ. போய்விடும். வளையத்துக்கு வளையம் 8 மி.மீ. என்பதால் கிட்டத்தட்ட நாலு வளையம் போச்சு. கை ஆடுவதைப் பார்த்து பயப்படுகிறவர்கள் மணிக்கட்டைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

சோதனைக்குப் பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, போனை ஸ்லோ மோஷனில் வைத்து உங்கள் கையைப் பக்கவாட்டில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். மூன்று விஷயம் பாருங்கள். தூக்கும்போது மணிக்கட்டு ஒரு கோணம், நிற்கும்போது வேறு கோணம் என்று இருக்கிறதா? முழங்கை ஒவ்வொரு ஷாட்டிலும் அதே அளவு நீட்டியிருக்கிறதா? சத்தம் வந்ததும் கை உடனே கீழே விழுகிறதா?

முழங்கை நேராக நீட்டியிருக்க வேண்டும். ஆனால் பின்பக்கமாக வளைந்து பூட்டிக்கொள்ளும் அளவுக்குத் தள்ள வேண்டாம். மெலிந்த பெண் பிள்ளைகள் சிலருக்கு முழங்கை இயல்பாகவே பின்னால் வளையும். அவர்கள் அந்தக் கடைசிக் கோடிக்குப் போகாமல் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தப் பழக வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதை ஒரு கோச் கைபிடித்துக் காட்டினால் ஒரே நாளில் புரிந்துவிடும்.

மணிக்கட்டும் முழங்கையும் சரி என்றால் மூச்சு. அட்டைக்கு மேலே தூக்கும்போது உள்ளே இழுத்து, கறுப்பை நோக்கி இறங்கும்போது பாதி விட்டு, அங்கே நிறுத்த வேண்டும். நெஞ்சு நிறையக் காற்றோடு நின்றால் தோள் ஏறி இறங்கும்.

அடுத்து நேரம். நிலைத்த பிறகு ஐந்திலிருந்து எட்டு வினாடிக்குள் ஷாட் போகவில்லை என்றால் இறக்கிவிடுங்கள். "இவ்ளோ நேரம் பிடிச்சாச்சு, விட்டுடுவோம்" என்று விடுகிற ஷாட்தான் கீழே ஏழில் போய் உட்காரும். 60 ஷாட்டுக்கு 75 நிமிடம் இருக்கிறது, ஷாட்டுக்கு ஒன்றேகால் நிமிடம். இறக்கித் திரும்பத் தூக்க தாராளமாக நேரம் உண்டு.

கடைசியாக பாம் ஷெல்ஃப். கையின் அடிப்பகுதி அதன் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். நசுங்கவும் கூடாது, இடைவெளியும் கூடாது. இங்கே நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மே மாதத்தில் கை லேசாக வீங்கும், மார்கழிக் காலையில் சுருங்கும். டிசம்பரில் அளவாக வைத்த ஷெல்ஃப் அக்னி நட்சத்திரத்தில் கையைக் கிட்டிபோட்டுப் பிடிக்கும். அரை மில்லிமீட்டர் இறக்கினால் போதும். ஷெல்ஃப் மணிக்கட்டுவரை நீண்டு அதைத் தாங்கினால் விதிமீறல். மணிக்கட்டு தாங்கலில்லாமல் இருக்க வேண்டும்.

இதெல்லாம் பார்த்தும் உள்ளங்கைக்கும் மரத்துக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால் கிரிப் வேலை. மர மக்கு வைத்து நிரப்பி, அரம் போட்டு இழைப்பது. முதல் தடவை தெரிந்தவர் பக்கத்தில் இருக்கட்டும். செதுக்கியதை ஒட்ட முடியாது.

## குரூப் பக்கவாட்டில் நீள்கிறது

காலைப் பற்றி மேலே சொன்னதை முதலில் முடியுங்கள். அதற்கப்புறம் தரை. மொட்டைமாடியில் போட்ட ரேஞ்ச் என்றால் மழைத்தண்ணீர் வடிவதற்காகத் தரையில் சரிவு விட்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது. ஒரு கோலிக்குண்டை வைத்தால் உருண்டு காட்டிக்கொடுக்கும். அந்தச் சரிவு உங்கள் முன்பாதத்துக்கும் குதிகாலுக்கும் குறுக்கே இருந்தால் உடம்பு முன்னும் பின்னும் ஊசலாடும். பக்கவாட்டில் திரும்பி நிற்கிறவருக்கு அந்த ஊசல் அட்டையில் இடவலமாகத் தெரியும். சமமான பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் நின்று சுட்டுப் பாருங்கள்.

காலணி: ஜாக்கிங்குக்கு வாங்கின மெத்தை ஷூ வேண்டாம். தட்டையான அடி இருக்கட்டும். கணுக்கால் எலும்பை மூடாத ஷூதான் பிஸ்டலுக்கு அனுமதி.

இடது கை: தொங்கவிட்டால் உடம்போடு ஆடும். பாக்கெட்டிலோ பெல்ட்டிலோ ஒரே இடத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

கட்டைவிரலும் சுண்டுவிரலும் பிடியில் வேலை செய்யக்கூடாது. நடுவிரலும் மோதிரவிரலும் முன்னிருந்து பின்னாக நேராக அழுத்தினால் போதும். இதற்குமேலும் நீண்டால், கண்ணாடி போட்டவர்கள் தலையைச் சாய்த்துப் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். தலை நிமிர்ந்து, கழுத்து தளர்ந்து இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடியின் விளிம்பு வழியாகப் பார்க்க நேர்ந்தால் கண் டாக்டரிடம் போய் ஃப்ரண்ட் சைட் தூரத்துக்கு லென்ஸ் கேளுங்கள். இது செலவுதான், ஆனால் நாற்பது வயதுக்கு மேல் தவிர்க்க முடியாத செலவு.

## கை நடுங்குகிறது

எல்லோருக்கும் கை ஆடும். ஆட்டம் ஒன்பது வளையத்துக்குள் மெதுவாக மிதப்பதுபோல் இருந்தால் அது நடுக்கம் இல்லை, அப்படியே சுடலாம். இந்தப் பகுதி வெடவெடவென்ற நடுக்கத்துக்கு.

வந்தவுடனே நடுங்குகிறதா? எண்ணூர் பக்கமிருந்தோ மணலியிலிருந்தோ கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் வந்திருப்பீர்கள். ஆக்ஸிலரேட்டர் வலது கையில். குண்டும் குழியுமாக அரை மணி நேரம் அதை இறுக்கிப் பிடித்த அதே முன்கையில்தான் பிஸ்டலையும் பிடிக்கப் போகிறீர்கள். இருபது நிமிடம் உட்காருங்கள். வெறும் வயிற்றில் டீ மட்டும் குடித்துவிட்டு வந்திருந்தால் இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும்.

பிடித்ததும் ஆரம்பிக்கிறதா? பிடி அதிகம். கிரிப்பைக் கை நடுங்கும்வரை இறுக்குங்கள். பிறகு நடுக்கம் நிற்கும் இடம்வரை மட்டும் தளர்த்துங்கள். அந்த அளவுதான் உங்கள் பிடி. இது நாளுக்கு நாள் மாறாமல் இருப்பதுதான் கடினம். வியர்வையில் கிரிப் வழுக்குவதால் நாம் நம்மை அறியாமல் இறுக்குவோம். கழுத்தில் ஒரு பருத்தித் துண்டு போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஷாட்டுக்கும் உள்ளங்கையைத் துடைத்தால் பாதி இறுக்கம் போய்விடும்.

தோள் காதை நோக்கி ஏறியிருக்கிறதா? இது பாக்ஸர்களுக்கென்றே எழுதுவது. தாடையைத் தோளால் மறைத்தே பழகியவர்களுக்குப் பிஸ்டலைத் தூக்கியதும் தோளும் கூடவே தூக்கிக்கொள்ளும். அப்படித் தூக்கிய தோள் சீக்கிரம் களைத்து நடுங்கும். கண்ணாடி முன் நின்று, தோளைக் காதுவரை தூக்கி, அப்படியே விழவிட்டு, விழுந்த இடத்திலிருந்து கையை மட்டும் உயர்த்திப் பழகுங்கள். நல்ல குத்து வைத்திருக்கும் பையனுக்குக்கூட இது மாதக் கணக்கில் ஆகிறது. பொறுமை தேவை.

கடைசி இருபது ஷாட்டில் மட்டும் நடுங்குகிறதா? தாக்குப்பிடிக்கும் வலு குறைவு. முப்பது வினாடி பிடி, ஒரு நிமிடம் ஓய்வு என்று காலி பிஸ்டலில் சில தடவை, வாரத்தில் மூன்று நான்கு நாள். ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் நடுவே பிஸ்டலை மேசையில் இறக்குங்கள். கையில் தூக்கிக்கொண்டே யோசிக்க வேண்டாம். துப்பாக்கியில் கூடுதல் எடை மாட்டியிருந்தால் கழற்றிப் பாருங்கள். ஏர் பிஸ்டலுக்கு 1500 கிராம்வரை விதி அனுமதிக்கிறது என்பதற்காக அதுவரை போக வேண்டியதில்லை.

மருந்து பற்றி ஒரு வார்த்தை. படபடப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் துப்பாக்கி சுடுதலில் போட்டி நாளிலும் தடை, மற்ற நாளிலும் தடை. யாராவது "ஒண்ணு போட்டா கை கல்லு மாதிரி நிக்கும்" என்று கொடுத்தால் வாங்க வேண்டாம். ரத்த அழுத்தத்துக்காக டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் தானாக நிறுத்தவும் வேண்டாம். டாக்டரிடமும் சங்கத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஓய்வாக உட்கார்ந்து தண்ணீர் டம்ளர் பிடிக்கும்போதும் நடுங்கினால் இது கோச்சின் எல்லைக்குள் இல்லை. டாக்டரைப் பாருங்கள்.

## சுட்டதும் முனை எங்கோ போகிறது: ஏர் பிஸ்டல்

"ஏர் பிஸ்டல்ல ரீகாயிலே இல்லையே" என்பார்கள். கொஞ்சம் இருக்கிறது. அதைவிட முக்கியம், சுட்டபின் முனை செய்யும் அசைவுதான் சுடுவதற்கு முன் நீங்கள் செய்த தப்பைக் காட்டிக்கொடுக்கும். அதனால் சத்தத்துக்குப் பிறகு ஒன்றிரண்டு வினாடி அப்படியே நின்று ஃப்ரண்ட் சைட்டைப் பாருங்கள். அட்டையைப் பார்க்காதீர்கள். ஷாட் விழுந்த இடத்தைக் காட்டும் ஸ்க்ரீன் இருக்கிற ரேஞ்சில் அதைத் திருப்பி வையுங்கள்.

முனை லேசாக எழுந்து, தானாக அதே இடத்துக்குத் திரும்பி வந்தால் நல்லது, ஒன்றும் செய்யாதீர்கள்.

ஒரு பக்கமாக எழுந்து அங்கேயே நின்றால் கால் திசை சரியில்லை, அல்லது பிடி ஒரு பக்கம் அழுத்துகிறது. கண்மூடிச் சோதனையைத் திரும்பச் செய்தால் எது என்று தெரிந்துவிடும்.

சட்டென்று கீழே விழுந்தால் ட்ரிகரோடு சேர்த்து மணிக்கட்டையும் விட்டுவிடுகிறீர்கள். பத்து விழுந்ததா என்று பார்க்கிற ஆசையில் கையை முன்கூட்டியே இறக்குகிறவர்களுக்கும் இதே அறிகுறிதான்.

கண் சிமிட்டி, எதுவுமே தெரியவில்லை என்றால் அது சத்தத்துக்கான பயம். நண்பரை வைத்துக்கொண்டு சோதியுங்கள். அவர் உங்களுக்குத் தெரியாமல் சில தடவை பெல்லட் போட்டும், சில தடவை போடாமலும் தரட்டும். காலியாக வரும்போது முனை குதித்தால் சந்தேகமே வேண்டாம். மருந்து ட்ரை ஃபயர்தான். ஒரு நிஜ ஷாட்டுக்கு நாலு காலி ஷாட் என்று சில வாரம். வீட்டில் செய்வதானால் பெல்லட் டப்பா அந்த அறையிலேயே இருக்கக்கூடாது.

## சுட்டதும் முனை எகிறுகிறது: பாயிண்ட் டூ டூ

இங்கே அடி நிஜம். அடியை அடக்க நினைக்க வேண்டாம், அது போய்த் திரும்பும் பாதை ஒவ்வொரு தடவையும் ஒன்றாக இருந்தால் போதும். பலமாகப் பிடிக்கிறவர்களுக்கு முனை குறைவாக எகிறும், ஆனால் திரும்பி வரும் இடம் ஷாட்டுக்கு ஷாட் மாறும். நான் முதலாவதை விட்டுக்கொடுத்து இரண்டாவதைத் திருத்தச் சொல்வேன்.

முதலில் எங்கே மடிகிறது என்று பாருங்கள். பக்கவாட்டு வீடியோ. மணிக்கட்டில் மடிந்து முனை மட்டும் வானத்தைப் பார்க்கிறதா, கை முழுக்க ஒரே துண்டாக தோளிலிருந்து எழுகிறதா? இரண்டாவதுதான் வேண்டும். மணிக்கட்டில் மடிந்தால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள தோல்மடிப்பு கிரிப்பின் மேல்வரை ஏறி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கீழே பிடித்தால் அடி நெம்பித் தூக்கும். இடது கையால் பிஸ்டலை வலது கைக்குள் அழுத்தி வைத்துவிட்டு விரல்களை மூடுங்கள். பிஸ்டலை எடுத்தபடியே பிடித்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு உயரம்.

அடுத்து உடம்பு. எடை குதிகாலில் இருந்தால் ஒவ்வொரு ஷாட்டிலும் நீங்களே பின்னால் போவீர்கள். இடுப்புக்குப் பின்னால் தோள் சாய்ந்திருப்பது நிதான ஷாட்டுக்குப் பரவாயில்லை, வேக சீரிஸுக்கு உதவாது. எடையைக் கொஞ்சம் முன்பாதத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அதற்கப்புறம் காது. பக்கத்து லேனில் சத்தம் பெரிதான சென்டர் ஃபயர் பிஸ்டல் வெடிக்கும்போது உங்கள் பிஸ்டல் குதித்தால் அது ரீகாயில் இல்லை. உள்ளே ஃபோம் பிளக், வெளியே மஃப், இரண்டும் சேர்த்துப் போடுங்கள். பல "ரீகாயில் பிரச்சினை" இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

தோட்டா. ஸ்டாண்டர்டு வெலாசிட்டி தோட்டாவா என்று பெட்டியைப் படியுங்கள். கிளப்பில் கிடைத்தது என்று வேகமான தோட்டாவைப் போட்டால் அடி கூடும், பிஸ்டலுக்கும் நல்லதில்லை.

தோட்டா சிக்கிக்கொண்டால் முதலில் தோட்டா உட்காரும் அறையையும் (சேம்பர்) மேகசினையும் சுத்தம் செய்யுங்கள். தளர்ந்த மணிக்கட்டும் சிக்கலுக்குக் காரணமாகலாம். எடையும், அடியை உறிஞ்சும் டாம்பரும் மாற்றுவது கடைசி. பாயிண்ட் டூ டூ மாதிரி ரிம்ஃபயரில் (தோட்டாவின் விளிம்பில் அடி விழும் ரகம்) காலியாக அடிப்பது சில பிஸ்டல்களில் அறையின் விளிம்பைக் கெடுக்கும். ட்ரை ஃபயர் வசதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

### வேக சீரிஸில் முதல் ஷாட் தாழ்கிறது

பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டலில் இலக்கு 3 வினாடி தெரியும், 7 வினாடி மறையும். கை செங்குத்திலிருந்து 45 டிகிரிக்கு மேல் உயராமல் காத்திருக்க வேண்டும். கை நிற்பதற்கு முன்பே ட்ரிகர் போய்விடுவதுதான் வழக்கமான காரணம். விளக்கு மாறியதும் கையை எறியாமல், சீரான வேகத்தில் தூக்கி, கடைசி ஒரு சாண் தூரத்தில் மெதுவாக்குங்கள். முதல் அழுத்தம் தூக்கும்போதே எடுத்தாகிவிட வேண்டும். கண் இலக்கில் காத்திருந்து ஃப்ரண்ட் சைட் கீழிருந்து வரும்போது அதைப் பிடித்துக்கொள்ளட்டும். தோட்டா இல்லாமல் போனில் 3 வினாடி பீப் வைத்துப் பழகினால் வீட்டிலேயே திருந்தும்.

### முதல் ஷாட் சரி, அடுத்தவை மேல் வலதில்

அடி திரும்புவதற்குள் அடுத்ததை விடுகிறீர்கள், அல்லது திரும்பும் இடமே மேல் வலது. ஐந்து தோட்டாவை, இலக்கைப் பற்றிக் கவலைப்படாமல், முனை தானாகத் திரும்பும் இடத்தில் சுடுங்கள். ஐந்தும் அங்கே சேர்ந்து விழுந்தால் கால் திசையையும் தோளையும் திருத்துங்கள். சிதறினால் பிடி.

### ரேபிட் ஃபயரில் கடைசி இரண்டு இலக்கு போகிறது

ரேபிட் ஃபயரில் வரிசையாக நிற்கும் ஐந்து இலக்குகளையும் ஒரே சீரிஸில் சுட வேண்டும். அவற்றின் மையங்கள் 75 செ.மீ. இடைவெளியில் இருக்கின்றன, கடைசி சீரிஸுக்கு 4 வினாடிதான். கை மட்டும் தோளிலிருந்து திரும்பினால் கடைசி இரண்டுக்கு எட்டாது. இடுப்போடு திரும்ப வேண்டும். லண்டன் ஒலிம்பிக்கில் 2012இல் இந்தப் போட்டியில்தான் விஜய் குமார் வெள்ளி வாங்கினார். அந்த வீடியோ கிடைத்தால் அவர் கையைப் பார்க்காமல் இடுப்பைப் பாருங்கள்.

## துப்பாக்கி ஆர்மரருக்குப் போக வேண்டிய நேரம்

இரவு சிலிண்டர் முள்ளைக் குறித்து வைத்துக் காலையில் பார்த்தால் இறங்கியிருக்கிறது. ட்ரிகர் எடை நாளுக்கு நாள் மாறுகிறது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் பிஸ்டலைத் தயாராக்கும் காக்கிங் லீவர் தளர்ந்திருக்கிறது. சிலிண்டரில் பொறித்த தேதியிலிருந்து 10 ஆண்டு முடிந்துவிட்டது. இவற்றில் எதையும் வீட்டில் திறக்க வேண்டாம், அழுத்தக் காற்று இருக்கும் பாகத்தில் எண்ணெய் விடவே வேண்டாம். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் ஏர் பிஸ்டல் பழுதாகி, நேரம் போய், இறுதிப் போட்டி கைநழுவியது. 2024இல் பாரிஸில் அதே போட்டியில் வெண்கலம் வாங்கினார். அந்த மாதிரி பழுது யாருக்கும் வரலாம். போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு தடவை ஆர்மரர் பார்த்தால் வரும் வாய்ப்பு குறையும். முந்தின நாள் கொண்டுபோய் நிற்க வேண்டாம், புது ட்ரிகருக்கு விரல் பழக நேரம் கிடைக்காது.

## வலி

சுட்ட அன்று தோளில் சோர்வு வரும், மறுநாள் போகும். அது வேறு.

முழங்கையின் வெளிப்புற எலும்பில் வலி, வாளியைத் தூக்கும்போதும் கதவுக் குமிழைத் திருகும்போதும் சுருக்கென்றால் பிடி அதிகம் என்று அர்த்தம். ஒரு வாரம் நிறுத்துங்கள். திரும்பும்போது பிடி அளவை மேலே சொன்னபடி புதிதாகத் தேடுங்கள். கையைத் தோளுக்கு மேலே தூக்கும்போது வலித்தால் தோள் உயர்த்தும் பழக்கத்தைப் பாருங்கள். கீழ் முதுகு வலித்தால் அதிகமாகப் பின்னால் சாய்கிறீர்கள்.

இரண்டு வாரம் ஓய்வுக்குப் பிறகும் போகவில்லை, இரவில் வலி எழுப்புகிறது, விரல் மரத்துப்போகிறது, சாவியைத் திருப்ப வலு இல்லை என்றால் கோச்சிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பழைய வண்ணாரப்பேட்டையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. புறநோயாளிப் பிரிவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். எப்போதிலிருந்து வலி, எந்த விரல், வாரத்துக்கு எத்தனை ஷாட் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்கு வேலை சுலபம். முடிந்தால் நீங்கள் சுடும் வீடியோவையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டல் ஒரு கையால் தூக்கிப் பிடிக்கிற விளையாட்டு என்பதை அங்கே வாயால் விளக்குவதைவிட அது சீக்கிரம் புரியவைக்கும்.